குஞ்சு பொரிப்பானில் நீரும் ஈரமும்

அடைக்கோழியின் சிறகடியில் 21 நாட்களில் நடந்தேறும் காரியத்தை ஒரு பெட்டிக்குள் நடத்த முற்படுவதே குஞ்சு பொரிப்பான் என்னும் சாதனம். நெசவுக்கும் விவசாயத்துக்கும் துணைத் தொழிலாகக் கோழி வளர்க்கும் அங்கத்தினர்கள் பலர் இதனை வாங்குவதற்குக் கடன் கோரி விண்ணப்பிப்பதை, நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் காண்கிறோம். ஐம்பது அல்லது நூறு முட்டை கொள்ளும் சிறு பெட்டிகளையே அவர்கள் பெரிதும் விரும்புகின்றனர். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது வெப்பத்தைப் பற்றிக் கேட்டால் தெளிவான விடை கிடைக்கிறது. 37.5 டிகிரி என்று வீட்டுச் சிறுவர்கூடச் சொல்லிவிடுகின்றனர். ஈரத்தைப் பற்றிக் கேட்டாலோ, "தண்ணீர் ஊற்றி வைக்கிறோம்" என்பதோடு விடை முடிந்துவிடுகிறது. எவ்வளவு நீர், எத்தகைய பாத்திரத்தில், எந்த மாதத்தில், அடையின் எத்தனையாவது நாளில் என்பனவற்றை எவரும் கூறுவதில்லை. இயந்திரத்தோடு வரும் கையேட்டிலும் பெரும்பாலும் இதற்கு இரண்டே வரிகள்தாம். ஆகவே, அந்த இரண்டு வரிகளைச் சற்று விரித்துரைப்பது பயனுடையதாகும் என்று கருதுகிறோம்.

முட்டை ஓடு பார்வைக்குக் கெட்டியான சுவர் போலத் தோன்றினும் உண்மையில் அது ஒரு சல்லடை. கோழி முட்டை ஒன்றின் ஓட்டில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் 7,000 முதல் 17,000 வரை இருக்கும். முட்டையின் அகன்ற முனையில் இவை நெருக்கமாக அமைந்துள்ளன. இத்துளைகளின் வழியே பிராணவாயு உள்ளே செல்கிறது. கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறுகின்றன. வெளியேறிய நீரின் இடத்தைக் காற்று நிரப்புவதால், அகன்ற முனையில் உள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வரும். 18ஆம் நாளில் அது முட்டையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடைந்திருக்க வேண்டும்.

இக்காற்றறை வீணான வெற்றிடம் அன்று. 19, 20ஆம் நாட்களில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்து இந்த அறைக்குள் மூக்கை நீட்டுகிறது. அதன் நுரையீரல் முதன்முதலாக மூச்சு இழுப்பது இங்கேதான். அதன் பின்னரே ஓட்டைக் கொத்தி வெளிக்காற்றை அடைகிறது. முட்டையிலிருந்து போதிய நீர் வெளியேறாவிடில் காற்றறை சிறுத்து, குஞ்சு உப்பிப் பருத்து, திரும்புவதற்கும் இடமின்றி, மிஞ்சிய நீரிலேயே மூச்சு முட்டி மடியும். தப்பி வந்தவையும் வயிறு தொளதொளத்து, தொப்புள் மூடாமல் தள்ளாடும். அதற்கு மாறாக நீர் அளவுக்கு மீறி வெளியேறினால் குஞ்சு சிறுத்துப் போகும். சவ்வு காய்ந்து, பழைய ஓலைபோல் விறைத்து, குஞ்சின் இறகோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டை ஓரிடத்தில் கொத்திவிட்டு, மேற்கொண்டு உடலைத் திருப்ப இயலாமல் அங்கேயே உயிர் விடும். இந்த இரண்டு சாவுகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதுதான் சங்கடம். இரண்டுக்கும் செய்ய வேண்டிய பரிகாரமோ நேர் எதிரானது.

அடை வைத்த நாளிலிருந்து 18ஆம் நாள் வரையில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவிகிதத்தை இழக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட அளவு. 50 கிராம் முட்டை 6 கிராம் இழந்து 44 கிராமாக நிற்க வேண்டும். இதனை அடைவதற்குப் பெட்டிக்குள் ஈரப்பதம் முதல் 18 நாட்களில் 50 முதல் 60 சதவிகிதமும், கடைசி மூன்று நாட்களில் 65 முதல் 75 சதவிகிதமும் இருத்தல் நலம்.

ஈரப்பதம் என்றால் என்ன என்பதை நெசவாளர்களுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. மேல்காற்று வறண்டு வீசும் நாளில் பாவு இழை படபடவென்று அறுவதையும், மழைக்காலத்தில் அதே நூல் பணிந்து ஓடுவதையும் அவர்கள் கைவிரல் அறியும். குழித்தறியின் குழி தரும் மண்ணீரத்தின் அருமையையும், கோடையில் தறிக்கூடத்துத் தரையில் நீர் தெளிக்கும் வழக்கத்தையும் நினைவூட்டினால் போதும். எனினும் ஒரு செய்தியை இங்குக் கூறியாக வேண்டும். காற்று வெப்பமடையும்போது அதன் நீர் கொள்ளும் திறன் மிகுகிறது. உள்ளே இருக்கும் நீர் அதே அளவினதாயினும் ஈரப்பதச் சதவிகிதம் குறைந்துவிடும். குஞ்சு பொரிப்பான் செய்வது வெளிக்காற்றை இழுத்து 37.5 டிகிரிக்குச் சூடாக்குவதாகும். ஆகவே வெளியில் நிலவும் ஈரப்பதம் உள்ளே அப்படியே இராது.

இதனை மூன்று ஊர்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கடற்கரை ஊரில் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவிகிதம் எனக் கொள்வோம். அக்காற்று பெட்டிக்குள் சூடானதும் ஈரப்பதம் சுமார் 53 ஆகும். அதாவது, தட்டில் ஒரு சொட்டு நீரும் இன்றியே முதல் 18 நாட்களுக்கு வேண்டிய அளவு அங்குக் கிடைத்துவிடுகிறது. அங்கே இரண்டு தட்டிலும் நீரை நிரப்பி வைப்பவர் குஞ்சுகளை முட்டைக்குள் மூழ்கடிக்கிறார் என்றே சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் பங்குனி மாத நண்பகலில் 36 டிகிரி வெப்பமும் 30 சதவிகித ஈரமும் இருப்பின், அது உள்ளே 28 ஆகக் குறையும். மூன்றாவது கணக்குத்தான் பலரையும் வியக்க வைக்கும். மூடுபனி சூழ்ந்த மலையூரில் 15 டிகிரிக் குளிரில் ஈரப்பதம் நூற்றுக்கு நூறு என்று இருக்கட்டும். அக்காற்று பெட்டிக்குள் சூடானதும் 26 ஆகிவிடும்! வெளியே சுவரெல்லாம் நீர் கோத்து நிற்க, பெட்டிக்குள் பங்குனிக் கோடையினும் மிக்க வறட்சி. "எங்கள் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?" என்று கேட்கும் மலைப்பகுதி அங்கத்தினர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

நிற்க. மேற்கு மாவட்டச் சங்கம் ஒன்றில் எழுந்த ஒரு பிணக்கை இங்கு எடுத்துரைப்பது பொருத்தமாகும். ஒரு நெசவுக் குடும்பத்து அம்மையார் நூறு முட்டைப் பெட்டி ஒன்றைச் சங்கக் கடனில் வாங்கியிருந்தார். முட்டைகளை அடுத்த ஊரில் உள்ள விவசாய அங்கத்தினர் ஒருவரிடமிருந்து கடனுக்குப் பெறுவது வழக்கம். கார்த்திகையில் வைத்த முதல் அடை நன்றாகப் பொரிந்தது. பங்குனியில் வைத்த 90 முட்டைகளில் 34 குஞ்சுகளே வெளிவந்தன. முட்டை கூமுட்டை என்று அம்மையார் பணம் தர மறுத்தார். கார்த்திகையில் கொடுத்த அதே கோழிகளின் முட்டைதான் இது என்று விவசாயி வாதித்தார். விவகாரம் நிர்வாகக் குழுவின் முன் வந்து, இரு வீட்டாரும் முகம் பார்த்துப் பேசாத நிலையை எட்டியிருந்தது. கடன் தவணையும் நின்றுபோயிற்று.

நல்ல வேளையாக, பொரியாத 56 முட்டைகளையும் அந்த அம்மையார் எறிந்துவிடாமல் வைத்திருந்தார். நாம் அவற்றை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். நாற்றம் பொறுக்கத்தக்கதாக இல்லை எனினும், பிணக்கைத் தீர்க்க இதைவிட நம்பத் தகுந்த சாட்சி கிடையாது. 9 முட்டைகளில் கரு உண்டானதற்குரிய அடையாளமே இல்லை. 6 முட்டைகளில் முதல் வாரத்திலேயே கரு அழிந்து இரத்த வளையம் மட்டும் எஞ்சியிருந்தது. மீதமுள்ள 41 முட்டைகளிலும் முழு வளர்ச்சி பெற்ற குஞ்சுகள் இருந்தன. பலவற்றின் அலகு காற்றறைக்குள் நீண்டிருந்தது. சவ்வு காய்ந்து இறகோடு ஒட்டியிருந்தது. காற்றறையோ முட்டையில் பாதியை எட்டும் அளவுக்குப் பெருத்திருந்தது.

"தண்ணி ஒரு நேரங்கூடக் குறைய விட்டதில்லைங்க ஐயா. காலையிலும் சாயங்காலமும் சொம்பு தளும்பத் தளும்ப ஊத்தி வெச்சேனுங்க" என்றார் அம்மையார்.

அவர் கூறியதில் பொய் இல்லை. கோளாறு அந்தச் சொம்பில் இருந்தது. காற்றில் ஏறும் ஈரம் நீரின் மேற்பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்ததன்று. 8 சென்டிமீட்டர் வாயகலம் உள்ள சொம்பின் நீர்ப்பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தட்டின் பரப்போ 200. ஒரு விரற்கடை நீர் நின்றாலும் அத்தட்டு நான்கு சொம்புகளுக்கு ஈடாகும். ஆழம் கூடினால் நீர் நெடுநேரம் வற்றாமல் நிற்கும், அவ்வளவே. கார்த்திகையில் வெளிக்காற்றே வேண்டிய ஈரத்தைத் தந்து அந்தச் சொம்பின் குறையை மறைத்துவிட்டது. பங்குனியில் மறைக்க ஒன்றும் இல்லை. அதே வீட்டில், அடுத்த அறையில், அவர் கணவர் இழை அறுகிறதென்று தறிக்குழியின் ஓரத்தில் நனைத்த சாக்கை விரித்து நெய்துகொண்டிருந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும். தறிக்கு வேண்டிய ஈரம் முட்டைக்கும் வேண்டும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

முட்டை கொடுத்தவர் பொறுப்பு 9 முட்டைகளோடு நின்றது. அவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்துவதென இருவரும் இசைந்தனர். தொடக்கத்தில் அழிந்த 6 முட்டைகளைப் பற்றி உறுதியாக ஒன்றும் கூறுவதற்கில்லை. பொரிப்பதற்கு முன் அதிக நாள் வெயிலில் வைத்திருந்தாலும், முதல் நாட்களில் வெப்பம் மிகுந்தாலும் அவ்வாறு நேரும். சித்திரையில் தட்டு வைத்து எடுத்த அடை, பங்குனி அடைக்கு இரு மடங்காகப் பொரிந்ததாகப் பின்னர் சங்கக் காரியதரிசி நமக்குத் தெரிவித்தார்.

இனி ஈரத்தை அளக்கும் முறைக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் சிறு மின்னணு ஈரமானிகள் விலை மலிவு. ஆனால் ஐந்து, பத்துப் புள்ளிகள் பிழையாகக் காட்டுவது அவற்றுக்குச் சாதாரணம். 55 என்று காட்டுவது 45 ஆகவும் இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம். இதனைச் சோதிக்கச் சமையலறை உப்பே போதும். ஒரு புட்டி மூடியில் உப்பை இட்டு, ஈர மணல்போல் ஆகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடலாகாது. டப்பாவின் உள்ளே ஈரப்பதம் 75 சதவிகிதத்தில் நிலைபெறும். இது உப்பின் இயல்பு. காலையில் ஈரமானி 69 என்று காட்டினால், அது 6 புள்ளி குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு எப்போதும் 6 கூட்டிக் கணக்கிடலாம்.

பழைய முறையான ஈரக்குமிழ் வெப்பமானி இன்றும் நம்பத்தக்கது. இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழைப் பருத்தித் துணியுறையால் மூடி, அதன் நுனியை நீரில் தோய விட வேண்டும். நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் குளிர்ச்சி மிகும். காற்றாடி உள்ள பெட்டியில் உலர் குமிழ் 37.5 டிகிரி காட்டும்போது ஈரக்குமிழ் 29 முதல் 30 வரை நின்றால் முதல் 18 நாட்களுக்குச் சரி. கடைசி மூன்று நாட்களில் அது 32 முதல் 33 வரை ஏற வேண்டும். பழைய பாரன்ஹீட் வெப்பமானி வைத்திருப்போர் முறையே 85, 91 என்று நினைவிற் கொள்ளலாம்.

இத்துணியுறையைப் பற்றி நெசவாளர் அறிந்த ஓர் உண்மையை இயந்திரம் விற்போர் அறிவதில்லை. தறியிலிருந்து அறுத்த கோராத் துணியில் கஞ்சியும் பஞ்சின் இயற்கை மெழுகும் இருப்பதால் அது நீரை எளிதில் உறிஞ்சாது. அதனை உறையாகப் போட்டால் குமிழ் நனையாது. வெப்பமானி ஈரத்தை மிகுத்துக் காட்டும். சலவைச் சோடா இட்டுக் கொதிக்க வைத்து, நன்கு அலசிய மெல்லிய துணியே இதற்கு ஏற்றது. உப்பு நீர் ஊர்களில் உறை விரைவில் உப்புப் பூத்து விறைத்துப் போகும். மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்தி, ஒவ்வோர் அடைக்கும் உறையை மாற்றிவிட வேண்டும்.

ஆயினும், நம்மைக் கேட்டால் ஈரமானியைவிடத் தராசையே மேலான கருவி என்போம். ஈரமானி காற்றைப் பற்றிச் சொல்கிறது. தராசு முட்டையைப் பற்றியே சொல்கிறது. 50 கிராம் வீதம் 30 முட்டைகள் அடங்கிய தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தட்டின் எடை நீங்கலாக 1,500 கிராம். 18 நாட்களில் 12 சதவிகிதம் என்றால் 180 கிராம் குறைய வேண்டும்; அதாவது நாளொன்றுக்கு 10 கிராம். 7ஆம் நாள் நிறுத்தால் 1,430. 14ஆம் நாள் 1,360. ஏழாம் நாளில் 1,400 என்று இருப்பின் வறட்சி மிகுதி. நீர்ப்பரப்பைக் கூட்ட வேண்டும். 1,460 என்று இருப்பின் ஈரம் மிகுதி. தட்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். நாட்டுக்கோழி முட்டைகள் சிறியவை ஆதலால் எடை மாறும். நாளொன்றுக்கு மொத்த எடையில் நூற்றைம்பதில் ஒரு பங்கு என்னும் கணக்கு மாறாது. முதலில் பிழை நேர்ந்திருந்தாலும் பிற்பாதியில் ஈடுசெய்ய இடமுண்டு என்பது இம்முறையின் சிறப்பு. பதிவேடுகளின் மேல் எமக்குள்ள பற்றை அங்கத்தினர்கள் கேலி செய்வதுண்டு. அடைக்கு மூன்று எண்கள் எழுதும் இந்தப் பதிவேட்டை மட்டும் பொறுத்தருள்க என வேண்டுகிறோம்.

முட்டையை விளக்கொளியில் பிடித்துக் காற்றறையின் எல்லையை ஓட்டின்மேல் பென்சிலால் வரைவதும் நல்லது. 7, 14, 18ஆம் நாட்களில் வரைந்த மூன்று கோடுகள் எழுதத் தெரியாதவர்க்கும் விளங்கும்.

ஈரத்தைக் கூட்ட வேண்டுமாயின் தட்டின் பரப்பைக் கூட்டலாம். அல்லது பழந்துணித் துண்டு ஒன்றின் நுனியை நீரில் தோய்த்துத் தொங்க விடலாம். நனைந்த துணியின் இரு பக்கமும் நீர்ப்பரப்பே ஆகும். காற்றுத் துளைகளை அடைத்து ஈரத்தைத் தேக்க முயல்வது தவறு. வளர்ந்த குஞ்சுகளுக்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டியிருக்கும் கடைசி நாட்களில் அது கொலைக்கு ஒப்பாகும். தட்டில் நீர் சேர்க்கும்போது வெதுவெதுப்பான நீரையே சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் பெட்டியின் வெப்பம் தாழ்ந்து, அது மீள நெடுநேரமாகும். பல பெட்டிகளில் வெளியிலிருந்தே குழாய் வழியாக நீர் விட வசதி இருக்கிறது. இல்லாதவற்றில் ஒரு சிறு புனலும் ரப்பர்க் குழாயும் பொருத்திக்கொள்வது எளிது.

18ஆம் நாள் முட்டைகளை உருட்டுவதை நிறுத்தி, இரண்டாம் தட்டையும் நீரால் நிரப்பி, கதவை மூடிவிட வேண்டும். அதன்பின் பெட்டியைத் திறக்கலாகாது. இதுதான் கடைப்பிடிக்க எல்லாவற்றினும் கடினமானது. முதற்குஞ்சு ஓட்டைக் கொத்திய சத்தம் கேட்டதும் வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடிக் கதவைத் திறந்து பார்க்க விழைவர். திறந்த நொடியில் ஈரக்காற்று முழுவதும் வெளியேறிவிடும். பாதி கொத்திய முட்டையின் சவ்வு காயத் தொடங்கும். ஒரு குஞ்சை உலர்த்தி எடுப்பதற்காகப் பத்துக் குஞ்சுகளை இழந்த வீடுகளை நாம் அறிவோம். பொரிந்த குஞ்சுக்கு உடனே இரை வேண்டுவதில்லை. அதன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு இரண்டு நாட்களுக்குப் போதும். ஆகவே பெரும்பான்மையும் பொரிந்து, இறகு உலர்ந்து பஞ்சுபோல் ஆன பிறகு ஒரே தடவையில் எடுத்தால் போதுமானது. நீர்த்தட்டின்மேல் கம்பிவலை இட்டோ, உள்ளே கூழாங்கற்களைப் பரப்பியோ வைக்க வேண்டும். புதிதாய்ப் பிறந்த குஞ்சு ஒரு விரற்கடை நீரிலும் மூழ்கிவிடும்.

பல்லடம், உடுமலை வட்டாரங்களில் உள்ள பெரிய பொரிப்பகங்களில் இவ்வேலைகளை எல்லாம் இயந்திரமே கவனித்துக்கொள்கிறது. நம் வீட்டுப் பெட்டிகளில் விலை கூடியவற்றுள்ளும் தானியங்கி ஈரமூட்டி வருகிறது. அதன் ஈரமானி பிழையாயின் அதுவும் பிழையாகவே இயங்கும் என்பதை மறக்கலாகாது. வாத்து முட்டைக்கு 28 நாட்கள் ஆகும். காடைக்கு 17 அல்லது 18. எடைக் குறைவின் தத்துவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. குஞ்சு பொரிப்பானுக்குக் கடன் வழங்கும்போது இயந்திரத்தின் விலையை மட்டும் கணக்கிடுவது வழக்கமாகியிருக்கிறது. ஐந்து கிலோ வரை கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு ஒன்றையும், சோதித்த ஈரமானி இரண்டையும் சங்கமே வாங்கி வைத்து, அடை வைக்கும் அங்கத்தினர்களுக்கு முறை வைத்து இரவல் கொடுத்தால் செலவு சிறிது. முட்டை கொடுப்பவர்க்கும் வாங்குபவர்க்கும் இடையே பிணக்கு நேரும்போது எடைப் பதிவும் கையில் இருக்கும். பொரியாத முட்டைகளை நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பார்வையிடும் வரையில் எறியலாகாது என்பதையும் கடன் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடை முடிந்தவுடன் தட்டுகளைச் சோப்பு நீரால் கழுவி, படிந்த உப்பைச் சிறிது காடியால் தேய்த்து நீக்கி, வெயிலில் உலர்த்த வேண்டும். பழைய நீரை அப்படியே விட்டு வைத்தால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த அடையின் முட்டைகளுக்கும் பரவும். பெட்டியைக் கதவு திறந்து ஒரு நாள் முழுதும் ஆற விட்டு, மறுநாள் வெறும் பெட்டியிலேயே வெப்பத்தையும் ஈரத்தையும் சரிபார்த்த பின்னரே புது முட்டைகளை வைத்தல் வேண்டும்.